அவன் வாயால் சொல்லட்டும்

போன மாதம் எங்கள் மாணவர் ஐக்கியத்தின் இளம் ஊழியர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றுப் பொங்கோலில் சும்மா உட்கார்ந்திருப்பவள் நான், கூப்பிட்டால் போய்விடுவேன். பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர்களிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவதுதான் என் வேலையாக இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, என் சொந்தக்காரர்கள் சிலருக்குத்தான் இருந்தது.

போன இடத்தில் ஒரு புது ஏற்பாட்டைக் காட்டினார்கள். பெயரட்டை அளவில் ஒரு அட்டை. அதிலுள்ள கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியில் பிடித்தால் நாலு படம் ஓடும். கடைசியில் 'நான் விசுவாசிக்கிறேன்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் திரை முழுக்கப் பூ தூவுகிறது! நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் தூவியது.

ஜோஷுவா என்ற பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், கேட்டான்.

"ஆன்ட்டி, உங்க சர்வீஸ்ல மொத்தம் எத்தனை பேரக் கொண்டு வந்தீங்க?"

"கொண்டு வர்றதுக்கு அவங்க என்ன மளிகைச் சாமானாடா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. பாவம், நல்ல பிள்ளை. "சரி, வேற மாதிரி கேக்குறேன் ஆன்ட்டி. ரொம்ப கஷ்டமா இருந்தது எது?" என்றான். அதற்கு அன்று அரைமணி நேரத்தில் ஏதோ சொன்னேன், சரியாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயாவில் குமாஸ்தா வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவள். பரம்பரைக் கிறிஸ்தவர்கள். வங்கியில் நல்ல வேலையை விட்டுவிட்டு நான் ஊழியத்துக்குப் போனபோது வீட்டில் யாரும் கைதட்டவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேதபாடம் படித்தோம், பேசப் பழகினோம், வாரக் கடைசியில் கூட்டம் போட்டோம். உண்மையான பயிற்சி மிஸ் டான் கையில் வந்தபோதுதான் ஆரம்பித்தது.

மிஸ் டான் எங்கள் தலைமை ஊழியர், சீனர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மெலிந்த உடம்பு, ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடி, சிரிக்க யோசிக்கிற முகம். எங்கள் அலுவலகம் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே பூக்கடை. மல்லிகை வாசம் மேலே வரும்போது நாங்கள் ஜெபித்துக்கொண்டிருப்போம். கூட்டம் முடிந்ததும் மிஸ் டான் என்னைத் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போவார். மட்டன் கறியை நான் பயந்து பயந்து சாப்பிடுவேன், அவர் குழம்பை இன்னொரு கரண்டி கேட்பார். பேசுவது ஆங்கிலம், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் வேலை செய்யும் விதம் எங்களுக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். நடந்து போகிற மாணவனை நிறுத்தக் கூடாது. உட்கார்ந்திருப்பவனிடம்தான் பேசலாம், அதுவும் பரீட்சை வாரத்தில் கூடாது. "நான் கிறிஸ்தவ ஊழியர், என் விசுவாசத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே தடவைதான் கேட்கலாம். வேண்டாம் என்றால் எழுந்து ஓடக் கூடாது. கிரிக்கெட்டோ சாப்பாடோ பேசி, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மாணவனுக்கு எதையும் வாங்கிக் கொடுக்கவே கூடாது. "நீ வாங்கிக் கொடுத்தா, மரியாதைக்காக உட்காந்திருப்பான் லா. அது கேக்குறது இல்ல, கடன் தீக்குறது," என்பார். யாராவது அழுது "நான் ஏத்துக்கறேன்" என்று சொன்னால் அதை நம்பக் கூடாது. நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி எழுந்த இன்னொரு நாளில் மறுபடி கேட்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார். வேற்று மதக் குடும்பத்துப் பிள்ளை விசுவாசத்துக்கு வந்தால், வீட்டில் தன் வாயால் சொல்லாதவரை ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்க மாட்டோம். நாங்கள் அவனுக்காகச் சொல்லக் கூடாது. சொல்லும்போது கூடப் போகலாம். வீட்டில் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், என்ன கொடுத்தாலும் சாப்பிட வேண்டும், தாய் தகப்பன் கேட்கும் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். வேறு சபைகளில் இதைக் கேலி செய்தார்கள். "வீட்டைக் கேட்டுத்தான் இயேசுகிட்ட வரணுமா?" என்று ஒரு போதகர் மிஸ் டானிடமே கேட்டார்.

"இயேசுகிட்ட எப்போ வேணும்னாலும் வரலாம்," என்றார் மிஸ் டான். "அம்மாகிட்ட பொய் சொல்லிட்டு வர வேணாம்னுதான் சொல்றேன்."

இப்போது பிரகாஷுக்கு வருகிறேன்.

பிரகாஷ் பொறியியல் மூன்றாம் வருடம். புக்கிட் பாஞ்சாங்கில் வீடு. அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருந்தார். அம்மா பாலர் பள்ளியில் சமையல். தங்கச்சி கவிதா பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம். பையன் கெட்டிக்காரன், வாய் ஓயாமல் கேள்வி கேட்பான். என்னோடு முதல் ஆறேழு தடவை பேசியது முழுக்கச் சண்டைதான். நான் சொன்ன ஒவ்வொன்றையும் பிய்த்துப் போட்டான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனதே அதனால்தான். ஒருநாள் அவனே வந்து, "அக்கா, நான் ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டேன். இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டான். அழவில்லை. நன்றாகச் சாப்பிட்டிருந்தான். மிஸ் டானின் சோதனையில் அப்படியே தேறினான்.

ஆனால் வீட்டில் சொல்லவில்லை. "அப்பாவுக்கு உடம்பு இப்படி இருக்கு அக்கா. கொஞ்சம் தேறட்டும்," என்பான். ஒரு வருடம் இதே பதில். நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மிஸ் டானும் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டில் திருநீறு பூசிக்கொள்வான், ஞாயிற்றுக்கிழமை 'புராஜெக்ட்' என்று சொல்லிவிட்டுச் சபைக்கு வருவான். அப்பாவோடு உட்கார்ந்து அவர் தேவாரம் சொல்லச் சொன்னால் சொல்லுவான். அவருக்கு அது பெரிய சந்தோஷம் என்று என்னிடம் சொன்னபோது அவன் குரல் சரியாக இல்லை.

ஒரு காலையில் கைப்பேசி அடித்தது.

"அக்கா, அப்பா போயிட்டாரு."

கொஞ்ச நேரம் அழுதான். பிறகு, "நாளைக்கு மத்தியானம் மண்டாய் தகனச் சாலைல. நான்தான் ஒரே பையன். மார்க்கஸ் நான் எந்தச் சடங்கும் செய்யக் கூடாதுன்னு சொல்றான். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் என்ன செய்யட்டும்?" என்றான். மார்க்கஸ் அவனுடைய வேதபாடக் குழுத் தலைவன். சீனப் பையன், தங்கமானவன், உலகம் தெரியாதவன்.

நான் மிஸ் டானைக் கூப்பிட்டேன். அவர் செய்யலாம் என்றும் சொல்லவில்லை, செய்யக் கூடாது என்றும் சொல்லவில்லை. "சடங்குன்னு மொத்தமா பேசாதீங்க. அம்மா என்ன கேக்குறாங்க? தூக்கச் சொல்றாங்களா, தண்ணி ஊத்தச் சொல்றாங்களா, சாமி கும்பிடச் சொல்றாங்களா? ஒவ்வொண்ணா கேட்டு, ஒவ்வொண்ணா பதில் சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி அம்மாவுக்குத் தெரியணும். அவன் வாயால சொல்லட்டும். நீ போய் பக்கத்துல நில்லு, வாயத் திறக்காத," என்றார். என் வாயைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை புக்கிட் பாஞ்சாங் போனேன். அவர்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நீலத் திரை கட்டி, வட்ட மேசைகள் போட்டு, நடுவில் பெட்டியை வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் தேவாரம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ என் கையில் ஒரு பாக்கெட் கிரிசாந்தமம் பூ டீயைத் திணித்தார்கள். பிரகாஷ் என்னைப் பார்த்ததும் பக்கத்துப் புளோக் காப்பிக்கடைக்குக் கூட்டிப் போனான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நான் எல்லாத்தையும் செஞ்சிடுறேன் அக்கா. அப்புறமா ஒரு மாசம் கழிச்சு அம்மாகிட்ட சொல்லிக்கறேன். இன்னிக்கு எப்படி சொல்றது, நீங்களே சொல்லுங்க."

அவன் கேட்டதில் தப்பே இல்லை. அந்தத் தாய் இருந்த நிலையைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். 'சரி தம்பி, இன்னைக்கு விட்டுடு' என்று என் வாயில் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொல்வதற்குள் கவிதா ஓடி வந்தாள்.

"அண்ணா, யாரோ பூ அனுப்பியிருக்காங்க. மாமா கத்துறாரு, வா!"

போய்ப் பார்த்தால், ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையம். வெள்ளைப் பூ முழுக்க. நடுவில் ஊதாப் பூக்களால் ஒரு பெரிய சிலுவை. கீழே ரிப்பனில், 'எங்கள் அன்புச் சகோதரன் பிரகாஷின் தந்தைக்கு' என்று ஆங்கிலத்தில். மார்க்கஸும் குழுப் பிள்ளைகளும் கைக்காசைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் சாவு என்றால் அதுதான் வழக்கம். அன்பைக் காட்ட அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தேவாரம் ஓடும் இடத்தில், பெட்டிக்கு நேர் எதிரே, அந்தச் சிலுவை நின்றது.

அம்மாவின் தம்பி, பிரகாஷின் மாமா, பூவைக் கொண்டுவந்த கடைப் பையனைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வேற வீட்டுது லா இது! பக்கத்துல எங்கயாவது கிறிஸ்டியன் சாவு இருக்கும், பாரு. எடுத்துட்டுப் போ." பிறகு பிரகாஷைப் பார்த்தார். "டேய், பேர் ஒரே பேரா இருக்கு, அதான் மாத்திக் கொண்டாந்துட்டான். அப்படித்தான?"

அம்மா தலையைத் தூக்கி மகனைப் பார்த்தார். சுற்றியிருந்த எல்லாரும் பார்த்தார்கள். அவன் 'ஆமா மாமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். வழியை மாமாவே போட்டுக் கொடுத்துவிட்டார். நான் கையிலிருந்த பாக்கெட்டை அப்படி இறுக்கியிருக்கிறேன், டீ புடவை முழுக்கப் பீச்சியடித்தது.

"இல்ல மாமா," என்றான் பிரகாஷ். "எனக்குத்தான் வந்தது."

அம்மாவின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். "அம்மா, நான் இயேசுவைக் கும்பிடுறேன். ஒரு வருஷமாச்சு. இத அனுப்பினவங்க என் சர்ச் ஃபிரெண்ட்ஸ்."

மாமா கத்த ஆரம்பித்தார். அதையெல்லாம் எழுத வேண்டாம். அக்கா புருஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிற மனுஷன், கத்தாமல் என்ன செய்வார். அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்ப அவரு பக்கத்துல உக்காந்து தேவாரம் சொன்னியே?"

அம்மா அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"நடிச்சியா? சாகப் போற மனுஷன்கிட்ட நடிச்சியா?"

என் வேலையில் எத்தனையோ கேள்விகளைச் சந்தித்திருக்கிறேன். படைத்தவர் யார், தீமை எங்கிருந்து வந்தது என்று படித்தவர்கள் கேட்ட கேள்விகள். அந்த அம்மா கேட்டதற்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. பிரகாஷ் குனிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "உங்களையும் அப்பாவையும் கஷ்டப்படுத்த வேணாம்னுதாம்மா," என்று அழுதான்.

அம்மா என்னைப் பார்த்தார். டீக்கறையோடு நின்ற என்னைக் கண்டுபிடிக்கக் கஷ்டமா என்ன?

"நீங்க அந்த சர்ச்சு ஆளா?"

"ஆமாம்மா. நான்தான் இவன்கிட்ட பேசினேன்."

"அப்பாவுக்குக் கொள்ளி வைக்கக் கூடாதுன்னு உங்க சாமி சொல்லுதா?"

என்னைக் கேட்டதற்கு நான் பதில் சொல்லலாம். "கூடாதுன்னு சொல்ற ஆளுங்க எங்கள்ல இருக்காங்கம்மா. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தகப்பன மதிக்கணும்னு எங்க வேதத்துலயும் இருக்கு. ஆனா அவன் சாமி கும்பிட்டு மந்திரம் சொன்னா, அது மனசுல இருந்து வராது. அதையும் உங்ககிட்ட மறைக்க மாட்டேன்," என்றேன்.

சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம் கடிகாரத்தைப் பார்த்தார். மண்டாயில் கொடுத்த நேரம் கொடுத்த நேரம்தான். தவறினால் அடுத்த குடும்பம் வந்துவிடும். "அம்மா, தம்பி தண்ணி ஊத்தட்டும், தூக்கட்டும், குடம் எடுக்கட்டும். மந்திரத்த நான் சொல்லிக்கிறேன். இந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் இருக்குறதுதான்," என்றார். மிஸ் டான் சொன்ன அதே 'ஒவ்வொன்றாக'. எனக்கு உயிர் வந்தது. பிரகாஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நான் செய்யறேம்மா. குடம் நான் எடுக்கறேன், கொள்ளியும் நானே வைக்கறேன்."

"வேணாம்," என்றார் அம்மா.

"அம்மா..."

"வேணாண்டா. மனசுல இல்லாததக் கையால செய்ய வேணாம். அவருக்கு ஒரு வருஷம் நடிச்சது போதும். கடைசிக் காரியமாவது நெசமா நடக்கட்டும்." மகளைக் கூப்பிட்டார். "கவிதா, தலைக்கு ஊத்திட்டு வா. நீதான் வைக்கற."

"பொம்பளப் புள்ளையா?" என்று மாமா பாய்ந்தார்.

"டயாலிசிஸ் சென்டருக்கு அவரக் கூட்டிட்டுப் போனது யாரு? நீயா? அவதான."

மாமா ஒதுங்கிக்கொண்டார். பிரகாஷ் கெஞ்சினான். அந்தக் கெஞ்சலை என்னால் எழுத முடியாது. அம்மா மனம் மாறவில்லை. அவன் பெட்டியைத் தூக்கினான். அதை மட்டும் அவர் தடுக்கவில்லை. மண்டாயில் கவிதா, ஈரத் தலையோடு, பெட்டியின் மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினாள். ஒரே மகன் பார்வையாளர் கூடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் சொந்தக்காரர்களோடு சொந்தக்காரனாக நின்று பார்த்தான். கிறிஸ்தவனானதால் அவன் அதை இழந்தான் என்று அன்று அங்கே பலர் பேசிக்கொண்டார்கள். இல்லை. சொல்லாமல் இருந்ததால் இழந்தான். சொல்லியிருந்தால் தகப்பன் திட்டியிருப்பார், மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார், பிறகு ஏதோ ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருப்பார்கள். குடும்பம் என்றால் அப்படித்தானே? அந்தச் சண்டையைப் போட அவர்களுக்கு ஒரு வருடம் இருந்தது. பேருந்தில் வீடு திரும்பும்போது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சாமியிடமும் கொஞ்சம் கோபப்பட்டேன்.

அதற்குப் பிறகு பிரகாஷ் விசுவாசத்தை விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். விட்டிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். அவன் விடவில்லை, ஆனால் ஞானஸ்நானம் என்ற பேச்சையும் எடுக்கவில்லை. படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, வீட்டுச் செலவு முழுக்க அவன் கைக்கு வந்தது. அம்மா அவனோடு பேசுவார், சோறு போடுவார், சபையைப் பற்றி மட்டும் எதையும் கேட்க மாட்டார். இரண்டாம் திவசம் முடிந்த பிறகு ஒருநாள் என்னிடம் வந்தான்.

"ஞானஸ்நானம் எடுக்கலாம்னு இருக்கேன் அக்கா. அம்மாகிட்ட சொல்லிட்டேன். தேதி, நேரம், இடம் எல்லாம் சொல்லி வாங்கன்னு கூப்பிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'எடுத்துக்கோ, நான் வர மாட்டேன்'னாங்க."

மிஸ் டானிடம் சொன்னேன். "வர மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு. அவன் சொல்லிட்டான் லா. போதும்," என்றார்.

அந்த ஞாயிறு சபை மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி. வரிசையாகப் பிள்ளைகள் இறங்கினார்கள். ஏறி வந்ததும் மேசையில் அடுக்கியிருந்த சபைத் துண்டுகளில் ஒன்றை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. பிரகாஷின் முறை வந்தது. போதகர் அவனை மூழ்கடித்துத் தூக்கினார். மார்க்கஸ் கூட்டத்திலேயே உரக்கக் கைதட்டினான். பிரகாஷ் படியேறி, ஏசிக் குளிரில் பல் கிடுகிடுக்க நின்றான். நான் துண்டை நீட்டினேன்.

என் கையை யாரோ தள்ளினார்கள்.

அம்மா! நெற்றியில் திருநீறு. கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய பச்சைத் துண்டு.

"அது வேணாம், எத்தனை பேரு தொடைச்சதோ," என்றார் என்னிடம்.

பிரகாஷ் திரும்பினான். "அம்மா... வர மாட்டேன்னு சொன்னீங்க..."

"இந்தத் தடவை முன்னாடியே சொன்னல்ல? சொன்னா வரணும்ல?" என்றார் அவர். "குனிடா, தலை ஈரமா இருக்கு."

அவ்வளவு பேர் பார்க்க, அவன் குனிந்தான். அவர் துவட்டினார்.